கேசட்டில் ஊதாதீர்கள்

இருதயசெல்வி பத்து வயதில் ஊதிய மூச்சு, அவளுடைய நாற்பத்திரண்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி சுமாருக்கு அவளுக்கே திரும்பி வந்தது. கப்பல்காரர் குடியிருப்பின் எட்டாம் பிளாக்கில், மாடிப்படிக்கு அடியில், செலஸ்தீன் வைத்திருந்த ரிப்பேர் கடையில்தான் அது நடந்தது. மிக்ஸிகளுக்கும் அயர்ன் பாக்ஸ்களுக்கும் நடுவே இருதயசெல்வியின் பழைய வீடியோ கேம் பெட்டியைக் கிடத்தி, உப்பிப்போன கண்டென்சர்களை மாற்றி, கேசட்டைச் செருகி, செலஸ்தீன் சுவிட்சைத் தட்டினாள். டிவியில் படம் வருவதற்கு முன்னால் பெட்டியின் வாயிலிருந்து ஃபூ என்று ஒரு காற்று கிளம்பியது. அதில் மாங்காய் வாசனையும் பல்பொடி வாசனையும் இருந்தன. கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மேசை மேலிருந்த ஸ்குரூ ஒன்றை உருட்டிவிட்டு, அது நேராகப் போய் இருதயசெல்வியின் மூக்கில் ஏறியது.

"எங்கூர்க் காத்து மாதிரி இருக்கு" என்றாள் இருதயசெல்வி. செலஸ்தீன் ஸ்குரூவைத் தேடிக்கொண்டிருந்தாள். ஸ்குரூ தொலைந்தால் அவளுக்கு மற்ற எதுவும் காதில் விழாது.

இருதயசெல்விக்கு இறால் கம்பெனியில் வேலை. ஐஸ் தண்ணீரில் நின்றே எட்டு மணி நேரம் இறாலின் தலை கிள்ளிக் கிள்ளி முழங்கால் இரண்டும் மரத்துப்போனவள், ஒரு மாடி ஏற மூன்று இடத்தில் நிற்பவள், அன்றைக்குப் படியை இரண்டிரண்டாகத் தாண்டி மூன்று மாடியும் ஏறினாள், வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் வாரி மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் துவைத்தாள், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று பாசி சுரண்டினாள், பரணை ஒழித்தாள், பரணில் கிடைத்த புருஷனின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டே மீன் வாங்கப் போனாள். சாயங்காலம் நாலு மணிக்கு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது. அந்தக் கொட்டாவியோடு மூச்சு வெளியே போய், ஜன்னல் கம்பி வழியாகக் கடல் பக்கம் போய்விட்டது. முழங்கால் வலி விட்ட இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. அவள் அழவில்லை. மறுநாள் காலை ஷிப்டில் பக்கத்தில் நின்றவளிடம், நேற்று எனக்குப் பத்து வயசு மூச்சு கிடைத்தது, நல்லா இருந்தது என்று சொன்னாள். அவ்வளவு போதாதா? மூன்று நாளில் எட்டாம் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு வீடியோ கேம் இருந்ததற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிருந்த ஆம்பிளைகளில் பாதிப் பேர் கப்பலில் போனார்கள். போனவர்கள் சிங்கப்பூரில் இறங்கியபோது குடையும் டார்ச் லைட்டும் வாங்கின கையோடு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெட்டியும் வாங்கிவந்தார்கள். கேசட் ஓடவில்லையென்றால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வைத்தியம்தான் பார்த்தன: கேசட்டை உருவி, அதன் அடியில் வரிசையாக இருக்கும் செம்புப் பல்லில் வாயை வைத்து, கன்னம் உப்ப ஊதித் திரும்பச் செருகுவது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஊதாமல் செருகிய பிள்ளை இந்தக் குடியிருப்பில் ஒன்றுகூடக் கிடையாது.

அது தப்பு என்பது செலஸ்தீனின் தீராத கோபங்களில் ஒன்று. ஊதினால் வாய் ஈரம் பட்டுப் பல்லில் பச்சை பிடிக்கும், ஓடியது உருவிச் செருகியதால்தானே ஒழிய ஊதியதால் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் 'கேசட்டில் ஊதாதீர்கள்' என்று ஒரு போர்டே எழுதி மாட்டிவிட்டாள். எல்லோரும் அந்தப் போர்டை நின்று படித்தார்கள். படித்துவிட்டு ஊதினார்கள்.

இப்போது பிளாக் பிளாக்காகப் பெட்டிகள் இறங்கி வந்தன. கட்டிலுக்கடியில் கிடந்தவை, பல்லி முட்டையிட்டவை, ஒயர் இல்லாதவை. பாதி ஜனத்துக்கு நாற்பது வயசு தாண்டியிருந்தது. ஒருத்தருக்கு இடுப்பு, ஒருத்தருக்கு சுகர், மீதிப் பேருக்குக் காரணம் சொல்லத் தெரியாத அலுப்பு. அசோசியேஷன் செயலாளர் பீட்டர்சன் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: மூச்சு திரும்பப் பெற்றவர்கள் எதிரில் யாரும் கொட்டாவி விடக் கூடாது, விட்டால் அது அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஏற்படும் நஷ்டத்துக்கு அசோசியேஷன் பொறுப்பல்ல. ஜனங்கள் படியில் ஒருவரையொருவர் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொள்ளப் பழகினார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புதன்கிழமை பூசை முடிந்து ஒரு மஞ்சள் பையோடு கடைக்கு வந்தார். அன்றைக்குக் கோயில் மணி அடிக்கிற ஆளை உட்காரச் சொல்லிவிட்டு, நாள் முழுக்க மணியை அவரே அடித்தார்.

அவரவர் மூச்சு அவரவருக்குத்தான் ஏறும் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது. இன்னொருவர் மூச்சை இழுத்துப் பார்த்தவர்களுக்கு விக்கல்தான் மிச்சம். சவுதியில் இருக்கும் ஒருவனின் மூச்சு ஆள் இல்லாமல் வெளியே வந்துவிட்டு, மூன்று நாள் மாடிப்படியிலேயே சுற்றி, பீடி பற்றவைக்கிறவர்களின் தீக்குச்சிகளையெல்லாம் அணைத்துக்கொண்டிருந்தது. அவன் பெண்டாட்டி அதை ஊறுகாய் பாட்டிலில் பிடித்து, லீவு முடிந்து போகிற ஒருத்தரிடம் கொடுத்தனுப்பினாள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது, அதை இழுத்துக்கொண்டு அவன் அன்றைக்குச் சேர்ந்தாற்போல இரண்டு ஷிப்ட் வேலை பார்த்தான் என்று பதில் வந்தது. அதைக் கேட்டு செலஸ்தீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேருக்குப் பத்து வயசு மூச்சு கிடைத்திருக்கிறது, அதை வைத்து ஒருத்தராவது விளையாடினார்களா? துவைக்கிறார்கள், பரண் ஒழிக்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் இரண்டு தரம் நிற்கிறார்கள். டிவியில் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும், பார்க்க ஆளிருக்காது.

மரிய கொரற்றி மட்டும் வேறு மாதிரி வந்தாள். அவள் மகன் டைட்டஸ் பதினோரு வயதில் மஞ்சள் காமாலையில் போனவன். பெட்டியைக் கொண்டுவரவில்லை. கேசட்டை மட்டும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இதுக்குள்ள இருக்குமா?"

"அவன் ஊதிருந்தா இருக்கும், மைனி" என்றாள் செலஸ்தீன். "பெட்டியும் கொண்டாங்க, ஓட வச்சாதான் வெளிய வரும். ஆனா வந்தா நிக்காது. அவன்தான் இல்லையே, அது எங்க போயி ஏறும்?"

கொரற்றி கொஞ்ச நேரம் கேசட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்பம் ஓட வைக்காண்டாம். உள்ளயே இருக்கட்டும்" என்று சொல்லித் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் செலஸ்தீனுக்கு வேலை ஓடவில்லை.

செலஸ்தீனுக்கு நாற்பத்து மூன்று வயது. அவளுடைய அலுப்புக்கு மட்டும் வயது பார்த்தால் அது எப்போதோ ஓட்டுப் போட ஆரம்பித்திருக்கும். காலையில் ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடித்து மூன்று மாடி ஏற்றுவதில் தொடங்கி, சோறாக்கி, அண்ணனைத் துடைத்து உட்காரவைத்து, கடையைத் திறந்து, மத்தியானம் மேலே போய் அவனுக்குச் சோறு கொடுத்து, இறங்கி, சாயங்காலம் ஏறி, மருந்து கொடுத்து... நடுவில் அவளுக்கென்று ஒரு கல்யாணம் வந்து வாசலோடு திரும்பிப் போன கதையும் உண்டு. அதைப் பற்றி நினைக்கக்கூட அவளுக்கு நேரம் வாய்த்ததில்லை.

அண்ணன் பெயர் ரெமிஜியுஸ். ரெமி என்றால்தான் தெரியும். துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் கரி இறக்கினான். கரி இறங்கியது கப்பலிலிருந்து மட்டுமல்ல, அவன் நெஞ்சுக்குள்ளும்தான். இப்போது ஆக்சிஜன் மிஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு மூன்றாம் மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தான். இரண்டு வருஷமாகக் கீழே இறங்கவில்லை. லிப்ட் கிடையாது. இறங்கினால் ஏற மூச்சு இல்லை, இறங்கவே மூச்சு இல்லை. டாக்டர் செலஸ்தீனைத் தனியே கூப்பிட்டு, மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லியிருந்தார். அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவனுக்கே தெரிந்திருந்தது.

"ஊரே பறக்குது" என்றான் ஒருநாள், ஜன்னல் வழியே கீழே பார்த்தபடி. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தித்தான் அவனால் பேச முடியும். "எம் பெட்டிய மட்டும் நீ எடுக்க மாட்டேங்க."

"ஒம் பெட்டில இடி எறங்கிருக்குண்ணே. எறும்பு குடியிருந்திருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?"

"எனக்கு ஒரு தடவ கீழ எறங்கணும், செலஸ்."

"சேர்ல வச்சு நாலு பேரு எறக்கிருவாவ. பீட்டர்சன் அண்ணாச்சிகூட சொன்னாவ."

"நாலு பேரு தூக்குத நாளு தானா வரும்." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "அதுக்கு முன்னால ஒரு தடவ எறங்கணும். அந்தக் கேசட்டுக்குள்ள இருக்க மூச்சுல எறங்கணும். நீ பெட்டிய எடு."

அவனோடு கரி இறக்கிய கூட்டாளிகள் இரண்டு தரம் நாற்காலியோடு வந்து திரும்பிப் போயிருந்தார்கள். ஆயிரம் மூட்டை தூக்கினவன் தன்னை மூட்டையாக்கச் சம்மதிக்கவில்லை. செலஸ்தீனுக்கு அது வீம்பு என்று தெரியும். வீம்பைத் தவிர அவனிடம் வேறு எதுவும் மிச்சமில்லை என்றும் தெரியும். அன்றைக்கே கட்டிலுக்கடியில் குனிந்து பெட்டியை இழுத்தாள்.

அவர்கள் மாமா தொண்ணூற்று மூன்றில் கொண்டுவந்த பெட்டி அது. ரெமிக்கு அப்போது பதிமூன்று, அவளுக்குப் பத்து. பெட்டி அவனுக்கென்று வந்தது, கூடவே ஒரே ஒரு கேசட்: ஓட்டைப் படகில் போகிற ஒரு குட்டி மனுஷன், சுறாவுக்கு நழுவி நழுவி மீன் பிடித்துக்கொண்டே போவான். விளையாடுவது ரெமி. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் மற்ற எடுபிடி வேலைகளும் செலஸ்தீனுக்கு. தொண்ணூற்றொன்பது ஐப்பசியில் விழுந்த ஒரு இடி டிவியையும் பெட்டியையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

மற்ற பெட்டிகளையெல்லாம் ஒரு நாளில், இரண்டு நாளில் முடித்தவளுக்கு இது நாற்பது நாள் எடுத்தது. கடையை மூடிவிட்டு மேலே வந்து, அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து, மதிய வெயில் ஜன்னலில் இருக்கும்வரை வேலை செய்தாள். எறும்பு மண்ணைப் பல் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். இடி ஓடிய வழியெல்லாம் போர்டில் கருகியிருந்தது. கருகின பாதையைச் சுரண்டிவிட்டு, தலைமுடி மொத்தக் கம்பியால் புதுப் பாதை ஒட்டினாள். கண்டென்சருக்காகச் செத்துப்போன நாலு ரேடியோக்களை அறுத்தாள். கேசட் உட்காரும் இடத்திலிருந்த அறுபது பல்லையும் ஊசி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். நிமிர்த்திக்கொண்டிருந்தபோதே தூங்கி, ஊசி குத்தி விழித்தாள். மஞ்சளாய்ப் பழுத்திருந்த மேல்மூடிக்கு, பியூட்டி பார்லரில் முடி வெளுக்கிற கிரீமை வாங்கித் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். நாலாம் நாள் அது மாமா பெட்டி பிரித்த அன்று இருந்த நிறத்துக்கு வந்தது. அதைப் பார்த்ததும் காரணமில்லாமல் அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூட அலுப்பாக இருந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

கேசட்டைத் துடைப்பதா வேண்டாமா என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. பல்லில் பச்சை பிடித்துத்தான் இருந்தது. ரப்பர் போட்டுத் தேய்த்தால் பச்சையோடு மூச்சும் போய்விடுமோ என்று பயம். கடைசியில் பெட்டிப் பல்லை மட்டும் துடைத்துவிட்டு, கேசட்டை அப்படியே விட்டாள்.

ரெமி கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். நாளுக்கு நாள் அவன் மூச்சு குறுகியது. மிஷினின் முள்ளை அவள் மூன்றிலிருந்து நாலுக்கும், நாலிலிருந்து ஐந்துக்கும் திருப்பினாள். அதற்கு மேல் அந்த மிஷினில் எண் இல்லை.

நாற்பத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். கடையிலிருந்து பழைய டிவியை இருதயசெல்வியும் அவளும் மேலே தூக்கி வந்தார்கள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி நின்றார்கள், எல்லோரும் ஒழுங்காக வாயைப் பொத்தியபடி. ரெமி குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முகத்தை நீட்டினான். செலஸ்தீன் சுவிட்சைத் தட்டினாள்.

ஃபூ என்று வந்தது. ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான ஃபூ, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்த மாதிரி. வேப்பம்பழ வாசனை அடித்தது. காலண்டர் தாள்கள் ஜனவரி வரைக்கும் புரண்டன. காற்று ரெமியின் முகத்தருகே போனது, அவன் மூக்கின் முன்னால் ஒரு கணம் நின்றது, அவன் நெற்றி முடியைக் கலைத்தது. பிறகு திரும்பி, கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து, செலஸ்தீனின் மூக்கில் ஏறியது.

அவளுக்கு முதலில் முதுகு நிமிர்ந்தது. பிறகு கண்ணிலிருந்த மணல் போனது. இருபது வருஷமாகத் தோளில் உட்கார்ந்திருந்த ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போனது. உள்ளங்கால் குறுகுறுத்தது. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே அவள் கத்தினாள்.

"இது ஏன் எனக்கு வருது? ஏ அண்ணே, இது ஏன் எனக்கு வருது?"

ரெமி குழாயைத் திரும்ப மாட்டிக்கொண்டான். சிரித்தான், சிரிப்பு இருமலாகி முடிந்தது.

"நீதானட்டி ஊதுவ" என்றான். "ஒவ்வொரு தடவையும் கேசட்ட உருவி ஒங்கைலதான் தருவேன். நீ ஊதுனாத்தான் ஓடும்னு சொல்லி. மறந்துட்டியா?"

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுபிடி வேலைகளில் அதுவும் ஒன்று.

"ஒனக்குத் தெரியுமா? முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா நாப்பது நாளு என்னயப் போட்டு இந்தப் பாடு படுத்துன?"

"ஒனக்குன்னு சொல்லிருந்தா" அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான், "நீ ஒரு ஸ்குரூ கழத்திருப்பியாட்டி?"

இருதயசெல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். செலஸ்தீன் அண்ணனைப் பார்த்தாள். ஒரு காலத்தில் இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கிய தோள் இப்போது சட்டை மாட்டும் கொக்கி மாதிரி இருந்தது.

"போ" என்றான் அவன். "கொட்டாவி வரதுக்குள்ள எங்கயாவது போ. கடக்கரைக்குப் போ. துணி தொவச்சிராத, சொல்லிட்டேன்."

"கேசட்டு யாருது?" என்றாள் அவள்.

"என்னது?"

"மாமா கேசட்ட யாருக்குக் கொண்டாந்தாவ?"

"எனக்கு."

"அப்பம் உள்ள இருந்தது எல்லாம் ஒன்னுதுதான். எந்திரி. சேரு இல்ல, ஆளு இல்ல. எங்கழுத்தப் புடி."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பத்து வயது செலஸ்தீனிடம் வாய் கொடுத்து அவன் ஒருநாளும் ஜெயித்ததில்லை. அது ஞாபகம் வந்து, கையை அவள் கழுத்தில் போட்டான்.

அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு அவள் இறங்கினாள். பின்னால் பீட்டர்சன் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினார், அவருக்குப் பின்னால் இருதயசெல்வி டிவியோடும் யாரோ பெட்டியோடும் வந்தார்கள். மிஷின் கடையில் போய்ச் செருகும் வரைக்கும் குழாயில் காற்று கிடையாது, ரெமியின் நெஞ்சு அவள் முதுகில் விசில் அடித்தது. மூன்றாம் மாடியைத் தாண்டி இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்தால், அங்கே ஐயம்பெருமாள் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். ராத்திரி வாட்ச்மேன், வீட்டில் புழுக்கம் என்று பகலெல்லாம் படியில்தான் கிடப்பான். பிளாக்கிலேயே பெரிய கொட்டாவி அவனுடையது, விட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். சத்தத்தில் விழித்தான். விழித்த கையோடு அவன் தாடை மெல்லத் திறக்க ஆரம்பித்தது.

"ஐயம்பெருமாளு!" என்று எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல் வந்தது.

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை உருவி முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டு, முகத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. செலஸ்தீன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, படியைக் காலாலேயே எண்ணி அவனைத் தாண்டினாள். ஐயம்பெருமாள் விழுங்கிய அந்தக் கொட்டாவி பிறகு மூன்று நாள் அவன் வயிற்றில் உருண்டது என்று அவன் பெண்டாட்டி எல்லோரிடமும் சொன்னாள்.

கடைசிப் படியில் ரெமி நிற்கச் சொன்னான். அவள் முதுகிலிருந்து நழுவி, சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாத காலைத் தரையில் வைத்தான். வெயில் ஏறிய சிமெண்டு.

"சுடுதுல்லா" என்றான். பல் தெரியச் சொன்னான். மற்ற காலையும் வைத்தான். ஆக்சிஜன் மிஷின் கடைக்குள் உறுமத் தொடங்கியது. குழாயை மாட்டிக்கொண்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தான். மேலிருந்து உச்சிமண்டையாக மட்டுமே இரண்டு வருஷம் பார்த்த ஜனங்களுக்கெல்லாம் இப்போது முகம் இருந்தது. மீன்காரி கூடையை இறக்கி வைத்து, என்ன அண்ணாச்சி, எளச்சுட்டிய என்றாள். குழாயடியில் நின்றவர்கள் குடத்தை நிரம்பி வழியவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

டிவியை மேசையில் வைத்துப் பெட்டியை மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டால், சாம்பல் திரைதான் வந்தது. படம் இல்லை. இன்னொரு தரம் போட்டாள். இல்லை.

"கேசட்ட உருவு" என்றான் ரெமி. "இங்க தா."

அவள் கொடுத்தாள். அவன் மூக்குக் குழாயைக் கழற்றினான். கேசட்டை இரண்டு கையாலும் பிடித்து, அந்தச் செம்புப் பல் வரிசையை உதட்டருகே கொண்டுபோனான். அவன் தலைக்கு நேர் மேலே போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஊதாத என்ற சொல் செலஸ்தீனின் நாக்கு வரைக்கும் வந்தது. இருபது வருஷமாக எல்லோரிடமும் சொன்ன சொல், தானாகவே வரும். அதை அவள் பல்லைக் கடித்துப் பிடித்து நிறுத்தினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். சத்தமே வரவில்லை. ஒரு மெழுகுவர்த்தியைக்கூட அது அணைத்திருக்காது. ஆனாலும் அவன் விடாமல், அடிவயிற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இந்த ஓரத்துப் பல்லிலிருந்து அந்த ஓரத்துப் பல் வரைக்கும் ஊதி முடித்தான். முடித்ததும் முகம் நீலம் பூத்திருந்தது. செலஸ்தீன் குழாயை மாட்டிவிட்டாள்.

"இப்பம் போடு" என்றான்.

அவள் கேசட்டை வாங்கினாள். பெட்டியைப் பார்த்தாள். அதன் அறுபது பல்லையும் அவளே நிமிர்த்தியிருந்தாள். திரும்பச் செருகினால் இந்தத் தரம் ஓடும் என்று கைக்கே தெரிந்தது.

"இது இனிமே ஓடாதுண்ணே" என்றாள். "பல்லு போயிட்டு."

ரெமி அவளைப் பார்த்தான். அவள் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "சரி" என்றான்.

அவள் கேசட்டைப் புதுத் துணியில் சுற்றினாள். சுற்றி முடிக்கும்போது அவளுக்குக் கொட்டாவி வந்தது. அடக்கப் பார்க்கவில்லை. வாயை நன்றாகத் திறந்து விட்டாள். வேப்பம்பழ வாசனையோடு அது தெருவைத் தாண்டிக் கடல் பக்கம் போனது. பழைய அலுப்பு வந்து, பழைய தோளில், பழைய இடத்தில் உட்கார்ந்தது. அவளைப் பார்த்து ரெமியும் ஒரு கொட்டாவி விட்டான். அதைப் பார்த்து பீட்டர்சன் விட்டார், நோட்டீஸ் ஒட்டியவரே விட்டார். அப்புறம் குழாயடி முழுக்க ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கொட்டாவி விட்டுக்கொண்டு, வேலையெல்லாம் அப்படியே கிடக்க, கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள்.

அவனைத் திரும்ப மேலே ஏற்றும் தெம்பு அவளுக்கு இல்லை. வேறு யாரும் தூக்க அவன் சம்மதிக்கவுமில்லை. அதனால் மிக்ஸிகளையெல்லாம் ஓரங்கட்டிக் கடைக்குள்ளேயே ஒரு கட்டிலைப் போட்டாள். பத்தொன்பது நாள் அவன் அங்கே இருந்தான். போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் இரண்டிரண்டு வார்த்தை பேசினான், சாயங்கால வெயிலில் காலை நீட்டிச் சிமெண்டில் வைத்துக்கொண்டான். மழை தொடங்கிய அன்று காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தான். நாலு பேர் வந்தார்கள். ஒரு படிகூட அவர்கள் இறங்க வேண்டியிருக்கவில்லை.

மரிய கொரற்றி வந்து செலஸ்தீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முந்தானை முடிச்சில் ஒரு கேசட் இருந்தது, செலஸ்தீன் முடிச்சில் ஒன்று.

கடையில் அந்தப் போர்டு இன்னும் தொங்குகிறது. எழுத்து பாதி அழிந்துவிட்டது, திரும்ப எழுத அவளுக்கு நேரமில்லை. வருகிறவர்கள் அதை நின்று படித்துவிட்டு ஊதுகிறார்கள். அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை.